35 மி.மீ.இலிருந்து 4×5 ஷீட் ஃபிலிமுக்கு: நீண்ட நாள் புழக்கத்துக்குப் பிறகு

ஃபிலிமை 4×5 அங்குலத் தாள் தாளாகப் போட்டு எடுக்கும் பெரிய கேமராவை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஷார்ப்னெஸ் பற்றித்தான். நெகட்டிவின் பரப்பு 35 மி.மீ.ஐப் போலச் சுமார் 13 மடங்கு. கிரெயின் (ஃபிலிமின் மணிமணியான துகள்) தென்படுவதே அபூர்வம். ஆனால் அது மட்டும் போதுமென்றால் 6×7 ரோல் ஃபிலிம் கேமராவே போதும். இத்தனை பாரத்தைச் சுமக்க ஒரே வலுவான காரணம் மூவ்மென்ட்: லென்ஸை ஏற்றலாம், சாய்க்கலாம், ஃபிலிம் அசையாமல் நிற்கும்.

கட்டடம் எடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் லென்ஸை மட்டும் உயர்த்தினால் சுவர்கள் உள்நோக்கிச் சரியாது. எவ்வளவு உயர்த்தலாம் என்பது இமேஜ் சர்க்கிளை, அதாவது லென்ஸ் ஃபிலிம் மேல் வீழ்த்தும் ஒளிவட்டத்தைப் பொறுத்தது. எஃப் 22 அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித்துவார அளவு) 210 மி.மீ. வட்டம் தரும் 150 மி.மீ. லென்ஸில் 30 மி.மீ. வரை தைரியமாக ஏற்றலாம். சந்தேகமிருந்தால் அப்பர்ச்சரைக் குறைத்துவிட்டு, கிரவுண்ட் கிளாஸின் (பின்னால் படம் விழும் மங்கல் கண்ணாடியின்) வெட்டிய மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள். துவாரம் முழுசாகத் தெரிந்தால் சரி. ஒரு பக்கம் நறுக்கினதுபோலத் தெரிந்தால் அந்த மூலை கறுக்கும்.

டில்ட்டில், அதாவது லென்ஸைச் சாய்ப்பதில்தான் பலரும் அளவு மீறுகிறார்கள். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 150 மி.மீ. லென்ஸ் என்றால், முன்தரை முதல் தொடுவானம் வரை ஃபோகஸில் கொண்டுவர 6 டிகிரி போதும். தூரத்தை ஃபோகஸ் செய்து, கிட்டத்துக்காகச் சாய்த்து, மறுபடி தூரத்தைத் திருத்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் படிந்துவிடும். அருகிலேயே உயரமான மரம் இருந்தால் டில்ட் வேண்டாம், உச்சி மங்கிவிடும்.

அப்பர்ச்சர் எஃப் 22, 32 என்றே ஓடுவதால் ஷட்டர் நேரம் நீளும். நீண்ட நேரத்தில் ஃபிலிம் மந்தமாவதால், ஹெச்பி5 பிளஸ் ஃபிலிமில் மீட்டர் 10 விநாடி காட்டினால் 20 விநாடி கொடுக்க வேண்டும். கிட்டத்துப் பொருளுக்கு பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவிலுள்ள மடிப்புத் துருத்தி) நீளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 150 மி.மீ. லென்ஸில் அது 210 மி.மீ.க்கு நீண்டால் ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது இருமடங்கு ஒளி.

ஷீட் வீணாவது பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான். ப்ரிவியூ லீவரை (ஃபோகஸ் பார்க்க ஷட்டரைத் திறந்து வைப்பது) மூடு, அப்பர்ச்சரைக் குறை, ஷட்டரை ஏற்று, ஹோல்டரை (ஷீட் இருக்கும் தட்டை உறை) செருகு, அதற்குப் பிறகே டார்க் ஸ்லைடை (ஷீட்டை மறைக்கும் தகட்டை) உருவு. லீவர் திறந்திருந்தால் ஷீட் முழுக்கக் கருகிவிடும். உருவும்போது மறு கையால் ஹோல்டரை அழுத்திப் பிடிக்காவிட்டால் அதுவும் கூடவே எழும்பி வெளிச்சம் புகும். எடுத்து முடித்ததும் ஸ்லைடின் கறுப்பு முனை வெளியே தெரியும்படி செருகுங்கள். வெள்ளை முனை என்றால் இன்னும் எடுக்காத ஷீட்.

இருட்டில் லோட் செய்யும்போது ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, ஓரத்திலுள்ள வெட்டுக்குறி வலது மேல் மூலையில் தட்டுப்பட்டால் எமல்ஷன் (ஒளி பட வேண்டிய பக்கம்) உங்களைப் பார்த்திருக்கிறது. இரண்டு பக்கத் தண்டவாளத்துக்கும் கீழே ஷீட் நுழைந்ததா என்று நகத்தால் தூக்கிப் பாருங்கள். தூசிதான் பெரிய தலைவலி. ஷீட் மேல் விழுந்த துகள் ஒளியை மறைப்பதால் பிரிண்டில் கரும்புள்ளி விழும். வெள்ளைப் புள்ளியைச் சாயம் தொட்டு மறைக்கலாம். கரும்புள்ளியைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஹோல்டர்களை ஜிப் பையிலேயே வைத்திருங்கள்.

டெவலப் செய்ய பேட்டர்ஸன் டேங்கும் (ஒளி புகாத பாத்திரம்) அதனுள் ஷீட்களைத் தாங்கும் மாட்54 சட்டமும் வசதி: 6 ஷீட், ஏறக்குறைய ஒரு லிட்டர் கரைசல். வேகமாகக் கவிழ்த்தால் ஷீட் பள்ளத்தைவிட்டு நழுவி ஒன்றோடொன்று ஒட்டும். ட்ரேயில் செய்வதானால், டெவலப்பருக்கு முன் ஒவ்வொரு ஷீட்டாக வெறும் தண்ணீரில் ஒரு நிமிடம் நனைப்பதைத் தவிர்க்கவே கூடாது.

பணத்தை முதலில் நல்ல லென்ஸ், நல்ல லூப் (ஃபோகஸ் பார்க்கும் உருப்பெருக்கி), உறுதியான ட்ரைபாடில் போடுங்கள். கேமரா எளிய மரப்பெட்டியாக இருந்தாலும் நெகட்டிவில் தெரியாது. பழைய லென்ஸ் என்றால் ஒரு விநாடி ஷட்டரை ஓடவிட்டுக் காதால் கேளுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் சர்வீஸ் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். பழைய கேமரா என்றால் பெல்லோஸை முழுக்க நீட்டி, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்து, மடிப்பு மூலைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஊசித்துளைகள் அங்கேதான் முதலில் விழும்.