கேம் பாய் அட்வான்ஸுக்கு எந்த ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்: எவர்டிரைவ் மினியா, ஒமேகாவா?

நிண்டெண்டோ 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாய் அட்வான்ஸை, எமுலேட்டரில் (அதைப் போல நடிக்கும் மென்பொருளில்) அல்லாமல் அந்தக் கருவியிலேயே விளையாட விரும்புவோர் இன்றும் பலர் இருக்கிறார்கள். தாம் வாங்கிய கார்ட்ரிட்ஜ்களிலிருந்து எடுத்த நகல்களையும், ஆர்வலர்கள் இன்றும் புதிதாக எழுதி வெளியிடும் விளையாட்டுகளையும் ஒரே மைக்ரோ எஸ்டி அட்டையில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் தேவைப்படுகிறது. இன்று கருத்தில் கொள்ள வேண்டியவை முக்கியமாக இரண்டு: கிரிக்ஸ் தயாரிக்கும் எவர்டிரைவ் ஜிபிஏ மினி, ஈஸி-ஃபிளாஷ் குழுவின் ஒமேகா டெஃபினிட்டிவ் எடிஷன். அதே குழுவின் பழைய ஒமேகா, விலை குறைந்த மூன்றாவது வாய்ப்பாக இவற்றுக்குப் பின்னால் நிற்கிறது.

வேகத்தை வைத்து இவற்றைத் தரம் பிரிப்பதில் பயனில்லை. கேம் பாய் அட்வான்ஸின் வணிக விளையாட்டுகள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, 32 எம்பிக்குள் அடங்கிவிடுகின்றன. அவ்வளவு பெரிய கோப்பையும் எல்லாக் கார்ட்ரிட்ஜ்களும் சில நொடிகளில் தம் நினைவகத்துக்குள் ஏற்றிவிடுகின்றன. என் கணிப்பில், தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது சேவ் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு) எப்படிக் காக்கப்படுகிறது என்பதுதான், ஏனெனில் நாற்பது மணி நேரம் ஆடிய ஒரு ரோல் பிளேயிங் விளையாட்டின் சேவ் அழிந்தால் அதை எந்த வசதியாலும் ஈடுகட்ட முடியாது.

அசல் கார்ட்ரிட்ஜ்கள் இந்தச் சேவ் பதிவை ஒரே முறையில் வைத்திருக்கவில்லை. சிலவற்றில் மின்கலம் தாங்கும் எஸ்ரேம் நினைவகம் இருந்தது, சிலவற்றில் 512 பைட் அல்லது 8 கேபி அளவுள்ள ஈப்ரோம் நினைவகம் இருந்தது, போக்கிமான் போன்றவற்றில் 128 கேபி ஃபிளாஷ் நினைவகம் இருந்தது. நாம் வாங்கும் கார்ட்ரிட்ஜ் இவை அத்தனையையும் போல நடிக்க வேண்டும். மூன்றுமே அதைச் செய்கின்றன. வேறுபாடு, மின்சாரம் நின்ற பிறகு அந்தச் சேவ் எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது. பழைய ஒமேகாவும் எவர்டிரைவும் அதை மின்கலம் தாங்கும் நினைவகத்தில் வைத்திருந்து, அடுத்த முறை கருவியை இயக்கும்போது எஸ்டி அட்டைக்கு நகலெடுக்கின்றன. மின்கலம் தீர்ந்த நிலையில் கருவியை அணைத்தால் கடைசி சேவ் போய்விடும். டெஃபினிட்டிவ் எடிஷனோ, மின்சாரம் இல்லாமலே தரவைத் தாங்கும் எஃப்ரேம் நினைவகத்தைப் பயன்படுத்துகிறது. அதன் மின்கலம், விளையாட்டுகளுக்கு நேரம் காட்டும் கடிகாரத்துக்கு மட்டுமே. பல மாதங்கள் மேசை இழுப்பறைக்குள் கிடந்து பின்பு கையில் எடுக்கப்படும் ஒரு கருவிக்கு இது உண்மையான, பெரிய நன்மை. எதை வாங்கினாலும், விளையாடி முடித்த பின் கருவியை அணைத்து, மீண்டும் இயக்கி, மெனு வரும்வரை காத்திருந்து அணைக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

விளையாட்டின் எந்தக் கணத்திலும் நிறுத்தி அப்படியே சேமிக்கும் வசதி ஒமேகா வகையில் உண்டு, எவர்டிரைவ் மினியில் இல்லை. பேருந்தில் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டால் இதன் அருமை தெரியும். ஆயினும் அந்த வசதி விளையாட்டின் நிரலில் ஒட்டு போட்டே (அதைச் சிறிது மாற்றியே) இயங்குகிறது. எல்லா விளையாட்டுகளும் அந்த ஒட்டை ஏற்பதில்லை. விளையாட்டு ஒரு பைட்டும் மாறாமல் ஓட வேண்டும் என்பவருக்கு எவர்டிரைவ் மினியே நிம்மதி தரும். அதன் மென்பொருள் எளியது, கேட்கும் கேள்விகளும் குறைவு. போக்கிமான் ரூபி, சஃபையர் போன்றவற்றுக்குத் தேவையான கடிகாரம் இரண்டிலும் இருக்கிறது.

நிண்டெண்டோ டிஎஸ் அல்லது டிஎஸ் லைட் வைத்திருப்பவருக்குத் தராசு தெளிவாக ஒமேகா டெஃபினிட்டிவ் எடிஷன் பக்கம் சாய்கிறது. அந்தக் கருவிகளின் கீழ்ப்புறச் செருகுவாயில் அதை நினைவக விரிவாக்கமாகவும் அதிர்வுப் பொதியாகவும் பயன்படுத்தலாம். அதன் நிலையான ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு விளையாட்டை எழுதிவைத்து, மெனு இல்லாமல் நேரடியாக அதையே காட்டும்படியும் செய்யலாம். போக்கிமான் டைமண்ட் போன்ற டிஎஸ் விளையாட்டுகள் பழைய கார்ட்ரிட்ஜைத் தேடிப் படிக்கும்போது இது உதவுகிறது. எவர்டிரைவ் மினி இத்தகைய வேலைக்காக உருவானதன்று.

சூரிய ஒளி உணரி கொண்டிருந்த போக்தாய், சுழற்சி உணரி கொண்டிருந்த வாரியோவேர் ட்விஸ்டட் ஆகியவற்றை அவற்றின் அசல் கார்ட்ரிட்ஜிலேயே ஆட வேண்டும். அந்த உணரிகள் இவற்றில் இல்லை.

வாங்குவோர் அடிக்கடி தவறாக எண்ணும் இடம் ஒன்று உண்டு. கேம் பாய் அட்வான்ஸ் பழைய கேம் பாய் விளையாட்டுகளையும் ஓட்டும் என்பதால், இந்தக் கார்ட்ரிட்ஜ்களும் அவற்றை அப்படியே ஓட்டும் என்று நம்பிவிடுகிறார்கள். கருவியின் செருகுவாயில் உள்ள சிறிய விசை, செருகப்படும் கார்ட்ரிட்ஜின் வடிவத்தை வைத்து, 5 வோல்ட்டில் இயங்கும் கேம் பாய் நிலைக்கோ 3.3 வோல்ட்டில் இயங்கும் அட்வான்ஸ் நிலைக்கோ மாறுகிறது. அட்வான்ஸ் வடிவில் வரும் கார்ட்ரிட்ஜ் அந்த விசையை அழுத்துவதில்லை. ஆகவே பழைய விளையாட்டுகள் கூம்பா போன்ற எமுலேட்டர் வழியாகத்தான் ஓடும், ஒலியிலும் வேகத்திலும் குறைகள் தெரியும்.

பழைய விளையாட்டுகளே முதன்மை என்றால் தனிக் கார்ட்ரிட்ஜ் வாங்குவதே முறை. ஈஸி-ஃபிளாஷ் ஜூனியர் குறைந்த விலையில் கடிகாரத்தோடு கிடைக்கிறது, பெரும்பாலோருக்கு அதுவே போதும். எவர்டிரைவ் ஜிபி எக்ஸ்7 விலை கூடியது. ஆனால் விளையாட்டின் நடுவே மெனுவும், எந்தக் கணத்திலும் சேமிக்கும் வசதியும் அதில் உண்டு. கேம் பாயிலேயே இசையமைக்க உதவும் எல்எஸ்டிஜே மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும் என்பேன். எவர்டிரைவ் பெயரில் போலிகள் மலிவாக உலவுவதால், தயாரிப்பாளரின் சொந்தக் கடையிலோ அவர் பட்டியலிட்ட விற்பனையாளரிடமோ வாங்குவதே நல்லது.