டேலி பிரைம் கோல்டு: சொல் புரிந்தபின் வாங்க வேண்டிய மென்பொருள்

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்கை எழுதிவரும் நான், டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளின் கோல்டு உரிமத்தை மூன்று கணினிகளில் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பெங்களூரின் டேலி சொல்யூஷன்ஸ் நிறுவனம் 2020 நவம்பரில் இதை வெளியிட்டது. கான்ட்ராவுக்கு (ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையிலான பரிமாற்றம்) எஃப்4, பேமென்டுக்கு எஃப்5, சேல்ஸுக்கு எஃப்8 என்ற பழைய விசைகள் அப்படியே தொடர்வதால், முந்தைய ஈஆர்பி 9 பதிப்பில் பழகியவர்களுக்குக் கை தடுமாறாது. கணக்கு எழுதும் பகுதியில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இதை வாங்கும்போதும் கடையில் நிறுவும்போதும் காதில் விழும் சொற்களில் பாதிக்கு மேல் கணக்கைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவர் தேவையற்றதற்கும் பணம் கொடுத்துவிடுவார்.

முதலில் 'யூசர்' என்ற சொல். சில்வர் உரிமம் ஒரு கணினிக்கு மட்டுமானது. கோல்டு உரிமத்தில் ஒரே லேனில், அதாவது ஒரு கடைக்குள் கேபிளாலோ வைஃபையாலோ பிணைக்கப்பட்ட கணினிகளில், எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். விலை ஏறத்தாழ மூன்று மடங்கு. 'அன்லிமிட்டட் யூசர்' என்று கேட்டவுடன் திருப்பூர்க் கிளையும் இதில் அடங்கும் என்று எங்கள் முதலாளி நினைத்துக்கொண்டார். வேறு ஊரிலுள்ள கிளை இந்த லேனுக்குள் வராது என்று விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. இதே மென்பொருளுக்குள் பாஸ்வேர்டு கொடுத்து உருவாக்கும் 'யூசர்' முற்றிலும் வேறு: பில் போடும் பையன் லாபநட்டக் கணக்கைப் பார்க்காமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. சில்வரிலும் அப்படிப் பலரை உருவாக்கலாம்.

அதைவிடப் பெரிய குழப்பம் 'சர்வர்'. உரிமத்தை வைத்திருந்து மற்றக் கணினிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கணினியும் சர்வர், கணக்குக் கோப்புகள் இருக்கும் கணினியும் சர்வர், பலர் சேர்ந்து வேலை செய்யும் பெரிய அலுவலகங்களுக்காகத் தனியே விற்கப்படும் டேலி பிரைம் சர்வரும் சர்வர், கடைக்காரர் விலைப்பட்டியலில் எழுதும் விலையுயர்ந்த, இரும்புப் பெட்டி போன்ற தனிக் கணினியும் சர்வர். எங்களிடம் நிறுவ வந்தவர் (அவர் பெயர் இங்கு வேண்டாம்) அந்தப் பெட்டியைத்தான் முதலில் வாங்கச் சொன்னார். மூன்று பேர் பில் போடும் கடைக்கு நல்ல எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ள ஒரு சாதாரணக் கணினியும் ஒரு யூபிஎஸ்ஸும் போதும். இரண்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது.

அவர் விட்டுச்சென்ற இன்னொரு பிழை, திங்கள் இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தையின் மறுநாள் காலையில் வெளிப்பட்டது. மின்வெட்டுக்குப் பின் ரவுட்டர் மறுபடி இயங்கியதும் உரிமமும் கோப்புகளும் உள்ள முதன்மைக் கணினிக்கு, லேனில் அதன் முகவரியான 192.168.1.10 என்ற பழைய ஐபி எண்ணுக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துவிட்டது. கணக்குக் கோப்புறை கணினியின் பெயரால் இணைக்கப்பட்டிருந்ததால் 'கம்பெனி', அதாவது டேலியில் எங்கள் கடையின் கணக்கு, திறந்தது. உரிமத்தைத் தேடும் இடத்தில் மட்டும் பழைய எண் எழுதப்பட்டிருந்ததால், மற்ற இரண்டு கணினிகளும் எஜுகேஷனல் மோடுக்குப் போய்விட்டன. பயிற்சிக்கான அந்த நிலையில் மாதத்தின் 1, 2 மற்றும் கடைசித் தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய முடியும். அன்று தேதி 17. வாசலில் கேரளத்து வியாபாரிகள் பில்லுக்குக் காத்திருக்க, மென்பொருளே பழுது என்று நாங்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். ரவுட்டர்தான் எண்களை வழங்குகிறது, அதற்கு டிஹெச்சிபி என்று பெயர், ஒரு கணினிக்கு ஓர் எண்ணை நிலையாக ஒதுக்கிவைக்கவும் முடியும் என்பதைத் தெரிந்துகொண்டபின், அந்த வேலை ரவுட்டரின் பக்கத்தில் பத்து நிமிடத்தில் முடிந்தது.

'நெட் போச்சு' என்று எங்கள் கடையில் இரண்டு விதமான தடங்கலுக்கும் சொல்வார்கள். வெளி இணையம் நின்றால் லேன் நிற்காது. பில் போடலாம், சரக்கு இருப்பைப் பார்க்கலாம். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய எங்களைப் போன்றவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது, கட்டாயமாக இருப்பதால், அந்தத் தளத்திலிருந்து வரும் 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற பில் அடையாள எண் இல்லாமல் வணிகருக்குப் பில்லைக் கொடுக்க முடியாது. அதற்கு இணையம் வேண்டும். ஆகவே தகவல் சொல்பவரிடம் எந்த நெட் என்று கேட்டுவிட்டே எழுந்து போகிறேன்.

டிஎஸ்எஸ் எனப்படும் ஆண்டுச் சந்தாவைப் பற்றியும் தேவையற்ற அச்சம் நிலவுகிறது. நிரந்தர உரிமம் வாங்கியவருக்குச் சந்தா முடிந்தாலும் கையிலுள்ள பதிப்பு ஓடும். புதிய பதிப்புகளும் இணையம் சார்ந்த சில வசதிகளும்தான் நிற்கும். ஜிஎஸ்டி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் நான் தவறாமல் புதுப்பிக்கிறேன். வாடகை உரிமமோ காலம் முடிந்தால் முடிந்ததுதான். 'கிளவுடில் டேலி' என்று பல இடங்களில் விற்கப்படுவது, பெரும்பாலும் வேறோர் ஊரிலுள்ள விண்டோஸ் கணினியில் இதே டேலியை ஓட்டி, அதன் திரையை நமக்குக் காட்டும் ஏற்பாடு. உரிமத்துக்கான செலவு அதில் அடங்குமா என்று தனியே கேட்க வேண்டும்.

ஒரே மேசையில் கணக்கு எழுதும் கடைக்குச் சில்வரே போதும். இரண்டாவது நாற்காலி போட்டுவிட்டால் கோல்டு கொடுக்கும் காசுக்குத் தகும். நிறுவுபவருக்கு மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லி, எல்லாக் கணினிகளிலும் 17ஆம் தேதியிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள்.