மேமோகிராம் ரிப்போர்ட்டில் கண்ணில் படாத ஒரு வரி

நியூஜெர்சியிலிருந்து திருச்சிக்குப் போயிருந்தபோது அக்காவை மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க அழைத்துப் போனேன். 46 வயது, இதுவரை எடுத்ததே இல்லை. அந்த ஸ்கேன் சென்டரின் வேகத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். காலையில் போன் செய்தோம், மதியம் படம் எடுத்தார்கள், சாயங்காலம் ரிப்போர்ட் தயார். படம் எடுத்த பெண், அக்காவின் கூச்சம் புரிந்து அவ்வளவு பொறுமையாக நடந்துகொண்டார்.

குறை கவுன்ட்டரில்தான். "நார்மல்தான் மேடம்" என்று கவரை நீட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே 'ஏ.சி.ஆர். டைப் சி' என்று ஒரு வரி. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஏ.சி.ஆர். என்பது அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்களின் அமைப்பு; அதன் முறைப்படி மார்பகத் திசுவின் அடர்த்தியைத்தான் ஏ முதல் டி வரை பிரிக்கிறார்கள். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. மேமோகிராமில் கொழுப்பு கருப்பாகவும், சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் வெள்ளையாகவும் தெரியும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். அதனால் கட்டி இருந்தாலும் மறைந்துபோகலாம். அடர்த்தியைக் கையால் தொட்டு அறிய முடியாது, படத்தில்தான் தெரியும். இது நோயல்ல, நாற்பதைத் தாண்டிய பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படி இருப்பதாக அமெரிக்காவில் சொல்கிறார்கள். ஆனால் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் இது ஓரளவு கூட்டுகிறது.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல், திசு அடர்த்தியா இல்லையா என்பதைப் பரிசோதித்துக்கொண்ட பெண்ணுக்கே எளிய மொழியில் எழுதித் தரவேண்டும் என்பது விதி. எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தது. ஆனால் அங்கே அடுத்த பரிசோதனைக்கு டாக்டர் சீட்டு, இன்சூரன்ஸ், காத்திருப்பு என்று இழுக்கும்.

திருச்சியில் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட்டிடம் கேட்டதும், அப்போதே அல்ட்ராசவுண்ட் பார்த்தார். சின்ன நீர்க்கட்டி, பயமில்லை என்றார். வசதி பக்கத்து அறையிலேயே இருக்கிறது; கேட்கத் தெரியாத பெண் வீட்டுக்குப் போய்விடுகிறாள். எனக்கு ஆறவில்லை.

ஜப்பானில் 40 முதல் 49 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், மேமோகிராம் மட்டும் எடுத்தபோது புற்றுநோய்களில் 77 சதவீதம் பிடிபட்டது. அல்ட்ராசவுண்டையும் சேர்த்தபோது 91 சதவீதம். நோய் இல்லாதவர்களை மறுபடி கூப்பிடுவதும் கூடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் அம்மாவையோ அக்காவையோ அழைத்துப் போகிறவர்கள் அந்த ஒரு எழுத்தைத் தேடிப் பாருங்கள். சி, டி என்றிருந்தால் அல்ட்ராசவுண்ட் தேவையா என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.