சென்னை வேர்வையில் மூன்று வருடம்: சிறு பட்டறை வாட்ச் ஒன்றின் கைவேலை எப்படி?

38 மில்லிமீட்டர் ஸ்டீல் கேஸ், கையால் சாவி கொடுக்கும் மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்), 30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ். வருடத்துக்குச் சில டஜன் மட்டுமே செய்யும் பட்டறை. குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம். மூன்று கத்திரியும் மூன்று ஐப்பசி மழையும் பார்த்த பிறகு ஒன்று நிச்சயம்: மூவ்மென்ட்டில் கொட்டிய உழைப்பில் கால்வாசிகூட சாவி கொடுக்கும் திருகான கிரவுனுக்குப் போகவில்லை. சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடான பிரிட்ஜை நாள்கணக்கில் தேய்ப்பவர்கள் கேஸ், கிரவுன், நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் இவற்றைப் பெரும்பாலும் வெளியில்தான் வாங்குகிறார்கள். நம் ஊர் வேர்வை முதலில் பதம் பார்ப்பதும் அவற்றைத்தான்.

மூவ்மென்ட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. பின்பக்கக் கண்ணாடியில் தெரியும் ஜெனீவா வரிகள் என்ற அலங்காரக் கோடுகளைப் பார்த்து மயங்க வேண்டாம், அதை இன்று மெஷினே அழகாகப் போடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ் வைத்து பிரிட்ஜின் ஓரத்தைப் பாருங்கள். சரித்து மெருகேற்றிய விளிம்பு உள்பக்கமாகத் திரும்பும் மூலை எங்கே என்று தேடுங்கள். சுழலும் கட்டர் அந்த மூலையை வளைவாகத்தான் விடும். இரண்டு சரிவும் ஒரே கோட்டில் கூர்மையாகச் சந்தித்தால் அது அரமும் மரக்குச்சியும் வைரப் பசையும் பிடித்த கை. இதில் அப்படி நான்கு மூலைகள். மூன்றில் பிசிறே இல்லை. சாவி ஸ்பிரிங் இருக்கும் பெட்டியைப் பிடிக்கும் பேரல் பிரிட்ஜில் உள்ள நான்காவதில் ஒரு சரிவு மயிரிழை அகலம் கூடியிருக்கிறது. அது குறையே இல்லை என்பது எங்கள் கட்சி.

ஊசலாடும் பாலன்ஸ் சக்கரத்தைப் பிடிக்கும் பாலன்ஸ் காக்கின் மேலிருக்கும் சின்ன ஸ்டீல் மூடி இன்னொரு பரீட்சை. வெள்ளீயத் தகட்டில் வைரப் பசை தடவித் தேய்த்தால் வரும் கறுப்பு மெருகு அது. வாட்சை மெல்லச் சாய்த்தால் ஒரு கோணத்தில் மை மாதிரி கறுப்பு, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பளீர் வெள்ளை. இடையில் சாம்பல் நிறம் படர்ந்தால் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். ஸ்க்ரூ தலைகளையும் விடாதீர்கள். பள்ளத்தின் ஓரம் நசுங்கியிருந்தால் அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் ஒன்று ஏற்கெனவே உள்ளே போய் வந்திருக்கிறது.

அழகு சரி, ஓட்டம்? முழுச் சாவியில், டயல் மேல்நோக்கி வைத்து, டிக் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் 270 முதல் 310 டிகிரிக்குள் ஆம்ப்ளிட்யூட் (பாலன்ஸ் சக்கரம் ஊசலாடும் அளவு) இருக்க வேண்டும். செங்குத்தாக வைத்தால் 20 முதல் 40 டிகிரி குறைவது இயல்பு. இந்த வாட்ச் புதிதில் 288 காட்டியது, மூன்றாம் வருட முடிவில் 262. எண்ணெய் களைத்துவிட்டது, சர்வீஸுக்கு நேரமாகிறது, அவ்வளவுதான். பலர் ஏமாறும் இடம் லிஃப்ட் ஆங்கிள், அதாவது ஒவ்வொரு ஊசலிலும் பாலன்ஸ் சக்கரம் உந்து வாங்கும் கோணம். அது மூவ்மென்ட்டுக்கு மூவ்மென்ட் மாறும், டைம்கிராஃபரில் நாம்தான் பதிய வேண்டும். மலிவு டைம்கிராஃபர்கள் 52 டிகிரியிலேயே நிற்கும். பல பட்டறைகள் வாங்கிப் பயன்படுத்தும் யூனிடாஸ் 6497 வகை மூவ்மென்ட்டுக்கு அது 44. மாற்றாமல் வைத்தால் 270 ஓடும் வாட்சை 319 என்று காட்டிவிடும். அதை நம்பி ‘என்ன பலம்!’ என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. பட்டறையிடம் லிஃப்ட் ஆங்கிள் எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு தகவல்தான்.

இனி கிரவுன். இரண்டாம் கோடையிலிருந்து காலையில் சாவி கொடுக்கும்போது முதல் ஏழெட்டுத் திருகலில் நறநறவென்று ஒரு உரசல். வேர்வை கிரவுனுக்கும் அதன் குழாய்க்கும் நடுவே இறங்கிக் காய்ந்து உப்பாகிறது. கேஸ்கெட்டின் சிலிகான் கிரீஸ் வற்றியதும் அந்த உப்பே உப்புத்தாளாக மாறி ரப்பரை அரிக்கிறது. தானியங்கி வாட்சில் கிரவுனைத் தொடுவது அபூர்வம். இங்கே தினமும் முப்பத்தைந்து திருகல். மணிக்கட்டில் கட்டியபடியே சாவி கொடுக்கும் பழக்கம் இன்னும் கெடுதல், தண்டு பக்கவாட்டில் அழுத்தப்பட்டுக் குழாயும் கேஸ்கெட்டும் ஒரு பக்கமாகத் தேயும். கழற்றி, விரலைத் துடைத்துவிட்டு, இறுகும் வரை மட்டும் திருகுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல்காற்றில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன், காற்றழுத்த மெஷினில் லீக் டெஸ்ட் பார்ப்பது நல்லது. தண்ணீரில் முக்கிப் பார்க்கும் கடைகளில் கொடுக்காதீர்கள். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிப்பது சாதாரணம். உள்பக்கம் பனித்தால் அன்றைக்கே திறக்க வேண்டும், ஏனென்றால் நீல முட்களின் நிறம் ஸ்டீலைச் சூடாக்கி வரவழைத்த மெல்லிய ஆக்சைடு மட்டுமே. ஈரம் பட்டால் துரு முள்ளின் அடிப்பக்கத்தில் தொடங்கும், மேலே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

கூடவே வந்த கன்றுத்தோல் ஸ்ட்ராப் ஐந்து மாதம் தாங்கியது. உள்துணி கறுத்து வாடை வந்ததும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. ஏப்ரல் முதல் ஜூலை வரை ரப்பர், மற்ற நாட்களில் தோல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

திடீரென்று தினம் இரண்டு மூன்று நிமிடம் வேகமாக ஓடினால் சர்வீஸுக்கு ஓடாதீர்கள். டேப்லெட் உறை, கைப்பை மூடியில் இருக்கும் காந்தம் பாலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் ஏறியிருக்கும். திசைகாட்டி ஒன்றை அருகில் வைத்தால் ஊசி துள்ளும். காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் கருவியின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே வாட்சை ஓரடி தூரம் மெதுவாக விலக்கிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டுவிட்டால் இன்னும் காந்தம் ஏறிக்கொள்ளும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய பெரிய கேள்வி அடிப்படை கேலிபர் (மூவ்மென்ட் மாடல்) எது என்பது. யூனிடாஸ் 6497, 6498 அல்லது பெசோ 7001 என்றால் எச்எம்டி ஜனதாவைக் கழற்றிப் பூட்டிப் பழகிய நல்ல ரிப்பேர்காரர் சென்னையிலேயே சர்வீஸ் செய்துவிடுவார், உதிரியும் கிடைக்கும். முழுக்கச் சொந்தத் தயாரிப்பு என்றால் பாலன்ஸ் சக்கரத்தின் அச்சான பாலன்ஸ் ஸ்டாஃப் உடைந்தால்கூட வெளிநாட்டில் இருக்கும் பட்டறைக்கே அனுப்ப வேண்டும். அப்போது முதலைத் தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், அதற்குத் தனி அனுமதித் தாள் கேட்பார்கள். சீரியல் நம்பர் குறித்த ஏற்றுமதிப் பத்திரம் அவசியம். அது இருந்தால் திரும்பி வரும்போது ரிப்பேர் செலவு, இன்சூரன்ஸ், போக்குவரத்துக் கட்டணம் இவற்றின் மீது மட்டும் சுங்க வரி. இல்லாவிட்டால் வாட்சின் முழு மதிப்புக்கும் இன்னொரு முறை கட்ட நேரும்.