கரண்ட் போன வீட்டில் பிசங்கா: மெழுகுவத்திப் பேனாவா, மின்பேனாவா?

2025 மார்ச் 29, 30. சனியும் ஞாயிறும். காலண்டர்படி வசந்தம் பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் உயரத்தில் சூடான காற்று நிற்க, தரையை ஒட்டி உறைநிலைக்குக் கீழே குளிர் படுத்திருந்தது. அந்தக் குளிருக்குள் விழுந்த மழை, பட்ட இடத்திலேயே ஐஸாக இறுகியது. பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகளில் விழ, லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. ஒரிலியா நகரம் அவசரநிலையே அறிவித்தது.

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 20. அதற்கு முந்தைய தவக்கால வாரங்கள்தான் உக்ரேனியக் குடும்பங்கள் பிசங்கா, அதாவது மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றும் ஈஸ்டர் முட்டை, போட உட்காரும் பருவம். கனடாவில் உக்ரேனிய வம்சாவளியினர் 12 லட்சத்துக்கும் மேல். ஆல்பர்ட்டாவின் வெக்ரவில் ஊரில் 1975இலேயே ராட்சதப் பிசங்கா ஒன்றை உலோகத்தில் செய்து நிறுத்திவிட்டார்கள். 2024இல் யுனெஸ்கோவும் இந்தக் கலையைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே அந்தச் சனிக்கிழமை எத்தனையோ சமையலறை மேசைகளில் முட்டையும் சாயமும் தயாராக இருந்திருக்கும். பிளக்கில் மட்டும் உயிர் இல்லை.

வேலை இதுதான். வெள்ளை முட்டையில் உருகிய தேன்மெழுகால் கோடு போட வேண்டும். மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்து, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூட வேண்டும். அடுத்து ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கறுப்பு. மெழுகை உருக்கித் துடைத்தால் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். பாத்திக் துணியில் நடப்பதும் இதே சூத்திரம்தான். கோடு போடும் கருவிக்குப் பெயர் கிஸ்ட்கா. பழைய கிஸ்ட்கா வாங்குவதா, கரண்டில் ஓடுவதை வாங்குவதா என்று புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

பழைய கிஸ்ட்கா என்பது ஒரு மரக்குச்சி, அதன் நுனியில் பித்தளையிலோ செம்பிலோ செய்த குட்டிப் புனல். அவ்வளவுதான். புனலை மெழுகுவத்திச் சுடரில் சில நொடிகள் காட்டி, மெழுகுக் கட்டியில் குத்தி அள்ளி, மறுபடி காட்டி, கோடு இழுக்க வேண்டும். சிறிது தூரம் போனதும் மெழுகு இறுகும். திரும்பவும் சுடருக்குப் போக வேண்டும். அதிகமாக அள்ளினாலோ அதிகமாகச் சூடாக்கினாலோ முட்டையின் நடுவில் சொட்டு விழும். அதனால் முதல் கோட்டைப் பக்கத்தில் இருக்கும் காகிதத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டைத் தொடுவார்கள்.

மின்கிஸ்ட்காவில் இந்தப் போக்குவரத்து இல்லை. நுனி எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். முட்டையைச் சுழற்றினால் இடுப்பைச் சுற்றி ஒரே மூச்சில் கோடு வரும். ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து முட்டை போடுகிறவர்களுக்கும், மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கும் அது வரப்பிரசாதம். கோட்டின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் மின்கிஸ்ட்காதான் மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் விளம்பரத்தில் வராத சங்கதி ஒன்று உண்டு. சுடரின் கரி ஏறி, பழைய கிஸ்ட்காவில் மெழுகு கறுப்பாகவே இறங்கும். வெள்ளை ஓட்டில் எதை மூடினோம், எதை விட்டோம் என்று பளிச்சென்று தெரியும். மின்கிஸ்ட்காவில் கரி கிடையாது. வெளிர் மெழுகு வெள்ளை முட்டையில் கண்ணுக்கே அகப்படாது. எங்கே நிறுத்தினோம் என்று முட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துத் தேட வேண்டியதுதான். அதனால் கறுப்பாக்கிய மெழுகைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சும்மா கிடைத்த கரிக்கு இப்போது விலை!

ஐஸ் புயலில் வெற்றி யாருக்கு என்று சொல்லவே வேண்டாம். ஆனாலும் பழைய கிஸ்ட்காவை ஒரேயடியாகத் தூக்கி வைத்துப் பேச முடியாது. மெழுகை உருக்கும் சுடர் கோட்டைப் பார்க்கிற வெளிச்சம் ஆகாது. தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வேண்டும். கரண்ட் இல்லாத வீட்டில் ஏற்கெனவே நாலு இடத்தில் மெழுகுவத்தி எரியும். குழந்தையும் பூனையும் இருந்தால் ஐந்தாவதை ஏற்றும் முன் யோசியுங்கள். குளிருக்காக பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ உள்ளே கொண்டுவரவே கூடாது. அவை கக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இன்னொன்று முட்டையின் சூடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை வியர்க்கும். ஈரத்தில் மெழுகு பிடிக்காது, கோட்டுக்கு அடியில் சாயம் கசிந்துவிடும். ஹீட்டர் நின்று வீடே சில்லிட்டால் வெளியில் வைத்த முட்டையும் குளிர்ந்துவிடும், குளிர்ந்த ஓட்டிலும் மெழுகு சரியாக ஒட்டாது. முதல் சில மணி நேரம் தாராளமாக உட்காரலாம். மறுநாள் வீட்டுக்குள்ளேயே குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிற நிலை வந்தால் கிஸ்ட்காவை எடுத்து வைத்துவிடலாம்.

அடுத்த வழக்கு: முழு முட்டையா, ஊதிக் காலி செய்த கூடா? மரபு அவிக்காத பச்சை முட்டைதான். கனமாக இருப்பதால் சாயத்தில் தானாக மூழ்கும், கையிலும் உறுதியாக நிற்கும். உள்ளே இருப்பது சில வருடங்களில் தானாக வற்றிவிடும். அதுவரை காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒருநாள் வெடித்து, அந்த அறைப் பக்கமே யாரும் போக முடியாது. காலிக் கூட்டில் அந்தப் பயம் இல்லை. ஆனால் சாயத்தில் மிதக்கும். மேலே ஏதாவது வைத்து அமுக்க வேண்டும். முதலிலேயே ஊதினால் துளையையும் மெழுகால் அடைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் நின்றுபோன வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தால், முதலிலேயே ஊதி எடுத்த முட்டையை அப்போதே ஆம்லெட் போட்டுவிடலாம் என்பது அதன் பக்கம் ஒரு நியாயம். நான் பச்சை முட்டைக் கட்சி.

சாயத்தில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. வெங்காயச் சருகு, மஞ்சள்தூள், சிவப்பு முட்டைக்கோஸ் எல்லாம் அழகான நிறம் தரும். ஆனால் நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும். மின் அடுப்பு வீட்டில் புயலன்று அதற்கு வழியே இல்லை. அவித்துத் தின்னும் ஒற்றை நிற முட்டைக்குப் பெயர் கிராஷங்கா. சருகுச் சாயத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பிசங்காவுக்குப் பொடிச் சாயம் போதும், அந்த முட்டையைத் தின்னக் கூடாது என்பதை மறக்காதவரை. ஒருமுறை கொதிநீரில் கரைத்து வினிகர் சேர்த்துவிட்டால் மூடிய பாட்டிலில் மாதக்கணக்கில் இருக்கும், பிறகு அடுப்பே தேவையில்லை. ஆகவே புயல் எச்சரிக்கை வந்த வெள்ளிக்கிழமை இரவே கெட்டிலைப் போட்டுக் கரைத்து வையுங்கள். சில பாக்கெட்டுகளில் ஆரஞ்சுக்கு மட்டும் வினிகர் வேண்டாம் என்று போட்டிருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். பச்சையையோ நீலத்தையோ மங்கவைத்து முட்டையைச் சிவப்புக்குத் தயார் செய்ய அந்த ஆரஞ்சில்தான் முக்கி எடுப்பார்கள்.