மூங்கில் வட்ட ஊசி: மூன்று பரிசுகள் பின்னிய பிறகு

தங்கச்சி பிள்ளைக்குக் குல்லா, அப்பாவுக்கு மஃப்ளர், தோழிக்குச் சால்வை. மூன்றையும் இந்த 4 மி.மீ. மூங்கில் ஊசியில்தான் பின்னினேன். உலோக ஊசியில் வழுக்கி ஓடும் கண்ணிகள் இதில் அப்படியே நிற்கின்றன. புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. சால்வையின் கனம், இரு ஊசி முனைகளையும் இணைக்கும் 80 செ.மீ. கேபிளோடு மடியில் கிடப்பதால் மணிக்கட்டு வலிக்கவே இல்லை.

குறை, கேபிளும் ஊசியும் சேரும் இடத்தில். நகத்தால் தடவினால் மெல்லிய விளிம்பு ஒன்று தட்டுப்படும். சால்வையின் மெரினோ கம்பளி நூல் அங்கே சிக்கி இழை பிரிந்துவிட்டது. தோழி தோளில் போடப்போவது, அப்படியே விட மனம் வரவில்லை; நாலு வரிசையைப் பிரித்து மறுபடி பின்னினேன். பிறகு நைசான உப்புத்தாளால் அந்த விளிம்பைத் தேய்த்தேன், இப்போது நூல் தடங்கலில்லாமல் போகிறது.

சுருண்டு வரும் கேபிளை மட்டும் வெந்நீரில் முக்கி நீட்டிப் பிடித்தால் நேராகிவிடும். மூங்கில் நனையக்கூடாது.

இன்னொன்று: மூங்கிலில் என் பின்னல் இறுகிவிடுகிறது. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வரவேண்டியது 24 வந்து, முதல் குல்லா பிள்ளையின் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. மாதிரித் துண்டு ஒன்று பின்னி அளந்துவிட்டே தொடங்குங்கள். அடுத்து அம்மாவுக்குக் காலுறை, இதிலேயே 2.5 மி.மீ. வாங்கப்போகிறேன்.