கூரைக் கழிவுக்கு டம்ப்ஸ்டர் எடுக்கிறீர்களா? எடைச்சீட்டு வராமல் பணம் கொடுக்காதீர்கள்

24 ஸ்கொயர் (2,400 சதுர அடி) கூரை, ஒரே அடுக்கு த்ரீ-டேப் ஷிங்கிள், அதாவது கூரைமேல் ஆணியடிக்கும் மெல்லிய தார்த் தகடு. கழிவு போட 20 யார்டு (கன யார்டு கொள்ளளவு) டம்ப்ஸ்டர், அதாவது லாரியில் ஏற்றிப் போகும் பெரிய இரும்புத் தொட்டி, 3 டன் வரை வாடகையிலேயே அடக்கம் என்று பேசி எடுத்தது. தொட்டியைத் தூக்கிப் போன பிறகு 5.3 டன் என்று பில் வந்தது. கூடுதலான 2.3 டன்னை 3 டன் ஆக்கி, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கார்டில் பணத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டால் “எடைமேடையில் வந்த கணக்கு” என்கிறார்கள். சீட்டைக் காட்டச் சொன்னால் பேச்சு மாறுகிறது. கம்பெனியின் பெயரைப் போடவில்லை. பெயர் மாறினாலும் வித்தை இதேதான்.

இந்த பில்லை உட்கார்ந்து கணக்குப் போட்டால் எங்கே உதைக்கிறது என்று தெரியும். ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி. பழைய த்ரீ-டேப் ஷிங்கிள் ஸ்கொயருக்கு 200 முதல் 250 பவுண்டு வரும். 240 என்றே வைத்தாலும் 24 ஸ்கொயருக்கு 5,760 பவுண்டு. அடியில் இருக்கும் ஃபெல்ட் (தார்த்தாள்), ஆணி, தகரப் பட்டை எல்லாம் சேர்த்து 6,000 பவுண்டைத் தொட்டால் அதிகம். 2,000 பவுண்டு ஒரு டன் என்பதால் இது 3 டன். பில்லில் இருப்பதோ 10,600 பவுண்டு. இடையில் நிற்கும் 4,600 பவுண்டு எங்கிருந்து வந்தது? காலியான 20 யார்டு இரும்புத் தொட்டியின் எடையே ஏறக்குறைய 4,000 முதல் 5,000 பவுண்டு. தொட்டியையும் கழிவோடு சேர்த்து எடைபோட்டிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகிக்கத் தோன்றுகிறது.

இது எப்படி நடக்கும்? எடைமேடையில் நிறைந்த லாரியின் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் நிகர எடை. காலி எடை என்பது கழிவைக் கொட்டிய பிறகு, காலித் தொட்டி லாரி மேல் இருக்கும்போதே எடைபோட்டதாக இருக்க வேண்டும். என்றைக்கோ தொட்டியில்லாமல் எடைபோட்டுப் பதிந்துவைத்த லாரி எடையைக் கழித்தால் தொட்டியின் எடை உங்கள் தலையில் விழும். அதனால் சீட்டில் மொத்த எடை, காலி எடை, நிகர எடை மூன்றும், தேதி, நேரம், லாரி எண், சீட்டு எண்ணோடு இருக்க வேண்டும். நிகர எடையை மட்டும் டைப் அடித்து அனுப்பும் தாள் எடைச்சீட்டே அல்ல. முன்பதிவு செய்யும்போதே “எடைச்சீட்டு நகல் தந்த பிறகே கூடுதல் எடைக்குக் கட்டணம்” என்று மெயிலில் வாங்கிவிடுங்கள். கூடுதல் எடையைப் பின்னத்தோடு கணக்கிடுவார்களா, முழு டன்னாக ஏற்றுவார்களா என்பதும் அதே மெயிலில் வரட்டும்.

எல்லாக் கூடுதல் எடையும் ஏமாற்று அல்ல, அதையும் சொல்லவேண்டும். பழைய ஷிங்கிள் மேலேயே புது ஷிங்கிள் அடித்த கூரை நிறைய உண்டு. இரண்டு அடுக்கு என்றால் எடையும் இரட்டிப்பு. கூரை விளிம்பில் ஒரு ஷிங்கிளைத் தூக்கிப் பார்த்து அடுக்கை எண்ணிய பிறகே தொட்டிக்குச் சொல்லுங்கள். தடித்த வகையான ஆர்க்கிடெக்சுரல் ஷிங்கிள் ஸ்கொயருக்கு 300 பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. மழையில் திறந்து கிடந்த தொட்டியில் ஃபெல்ட்டும் பழைய பலகையும் தண்ணீரைக் குடித்துவிடும், அடியில் தேங்குவது வேறு. அந்தத் தண்ணீருக்கும் டன் கணக்கில் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட வேண்டும்.

அடுத்த பொறி, “பெரிய தொட்டியாக எடுங்கள், எல்லாம் அடங்கும்” என்ற யோசனை. ஷிங்கிளில் இடம் நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். 40 யார்டு தொட்டியில் ஷிங்கிளை விளிம்புவரை நிரப்பினால் லாரி சாலையில் ஏற்றக்கூடிய எடையைத் தாண்டிவிடும். டிரைவர் தூக்க மாட்டார். வந்து போனதற்கு ஒரு கட்டணம், பாதிச் சரக்கைக் கையால் இறக்கும் வேலை இரண்டும் உங்களுக்கு. கூரைக்கு 10 அல்லது 20 யார்டுதான் சரி, அதுவும் சுவர் தாழ்ந்ததாக. வாடகையில் அடங்கிய எடை ஒன்று, தொட்டி தாங்கும் உச்ச எடை வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். விற்பவர் வேண்டுமென்றே குழப்புவது இங்கேதான்.

இணையத்தில் குறைந்த விலை காட்டும் பல இடங்களுக்குச் சொந்தமாக லாரியே கிடையாது. புரோக்கர்கள். ஆர்டரை உள்ளூர் லாரிக்காரருக்குத் தள்ளிவிடுவார்கள். தகராறு வந்தால் இவரைக் கேள், அவரைக் கேள் என்று அலையவிடுவார்கள். “தொட்டியும் லாரியும் உங்களுடையதா, எந்தக் குப்பைக்கிடங்கில் கொட்டுவீர்கள்?” என்று கேளுங்கள். தடுமாறினால் விட்டுவிடலாம். தொட்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள்.

டிரைவ்வே (வீட்டு வாசலில் கார் நிற்கும் பாதை) சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்காத கம்பெனி அபூர்வம். தொட்டியின் இரும்பு உருளைகள் கான்கிரீட்டைக் கீறும், வெயிலில் இளகிய தாரில் பதியும். முக்கால் அங்குல பிளைவுட் அல்லது தடித்த பலகைகளை உருளைகள் நிற்கும் இடத்திலும், இழுத்து இறக்கும் வழியிலும் போடச் சொல்லுங்கள். லாரி வருவதற்கு முன்பே தரையைப் படம் எடுத்துவையுங்கள். மேலே மின்கம்பியோ கிளையோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போனதற்கும் பில் வரும்.

தொட்டி வீட்டு வாசலில் நிற்கும் நாட்களில் தினமும் மாலை உள்ளே ஒரு படம் எடுங்கள். காண்ட்ராக்டர் வேறொரு வீட்டுக் கழிவைக் கொண்டுவந்து இதில் தட்டுவது உண்டு. அக்கம்பக்கத்தவர் இரவில் பழைய மெத்தையும் டயரும் பெயிண்ட் டப்பாவும் போட்டுவிடுவார்கள். அதுவும் உங்கள் எடைதான். தடை செய்த பொருள் கலந்ததற்கு அபராதம் வேறு. தூக்கிப் போகும் நாளில், சரக்கு விளிம்புக்குக் கீழே இருப்பது தெரியும்படி நாலு பக்கமும் படம் வேண்டும். அதிகம் நிரப்பினீர்கள் என்ற கட்டணத்துக்கு அதுதான் பதில்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? போனில் கத்திப் பயனில்லை. மேலே சொன்ன ஸ்கொயர் கணக்கு, படங்கள், எடைச்சீட்டு கேட்ட மெயில் மூன்றையும் சேர்த்துக் கார்டு வங்கியில் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். சீட்டு எண் கிடைத்தால் கிடங்கிலேயே நேராகக் கேட்டு, அவர்களுடைய பதிவில் உள்ள காலி எடையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்சேபணைக்கு வங்கி வைத்திருக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும். “அடுத்த வாரம் மேனேஜர் பேசுவார்” என்று அவர்கள் இழுப்பது அந்த நாளைக் கடத்தத்தான்.